உண்டர்சே ஏரியில் மூன்று வார முகாம்: பனிமேல் நடமாட்டம், துளை, கழிவு – விவரம் வேண்டும்

தென்திசை (கேள்வி)

கிழக்கு அண்டார்டிகாவில், குவீன் மாட் லேண்டின் குரூபர் மலைகளுக்குள் இருக்கும் உண்டர்சே ஏரிக்கு நால்வர் குழு ஒன்று டிசம்பரில் போகிறது. முகாம் 21 நாள். கேப் டவுனிலிருந்து நோவோ விமானத்தளம், அங்கிருந்து ஸ்னோமொபைலில் சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு ஏரிக்கு. வேலை இதுதான்: 25 செ.மீ. விட்டத்தில் மூன்று துளை, முக்குளிப்பவர் இறங்க ஒரு மீட்டர் விட்டத்தில் ஒரு துளை, வெவ்வேறு ஆழங்களில் தண்ணீர் மாதிரி. ஏரிமேல் பனிக்கட்டி மூன்று மீட்டர் வரும் என்று கணக்கு.

இதற்கு முன் எங்கள் அனுபவமெல்லாம் கடல்பனிமேல்தான். நிரந்தரமாக உறைந்த ஏரியில் என்ன மாறும்? எது உடையும், எது சிக்கும், எதைக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும்? அனுமதி, கழிவு விதிகள் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலப்பனி

பனி உடையுமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். தெளிந்த பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தாலே ஆள் நடக்கலாம். மூன்று மீட்டர் என்றால் சரக்கேற்றிய வண்டிகளே நிற்கலாம். இரவில் வெப்பம் இறங்கும்போது துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தம் வரும், காலடியிலேயே விரிசல் ஓடும். அது மேல்பனி சுருங்குவதால் வருவது. அடிவரை போகாது.

கடல்பனியோடு பெரிய வித்தியாசம் மேற்பரப்பு. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் -10 டிகிரி, காற்று மகா வறட்சி. பனி உருகாமலே ஆவியாகிப் போகிறது; ஆண்டுக்கு அரை மீட்டருக்கும் மேல் மேலிருந்து கரைகிறது, அதே அளவு அடியில் புதிதாக உறைகிறது. பொடிப்பனி தங்குவதே அபூர்வம். ஆகவே நீங்கள் நிற்பது காற்று இழைத்த வழுவழுப்பான நீலப் பனிக்கட்டிமேல். முகாமைச் சுற்றி நடக்க செருப்படியில் மாட்டும் குறுமுள் போதும். கரையோரச் சரிவிலும் அனுச்சின் பனியாற்றின் முகப்பிலும் 10 அல்லது 12 முள் கிராம்பான் (காலணியடியில் கட்டும் முட்சட்டம்) இல்லாமல் போகாதீர்கள். விழுந்தால் மணிக்கட்டும் பின்மண்டையும்தான் அடிபடும். துளை வேலையின்போதும் தலைக்கவசம் இருக்கட்டும்.

மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளின் ஏரிகளைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் கரையோர நீர்வளையத்தைக் கடக்கப் பலகை, ரப்பர் படகு எல்லாம் கேட்பார்கள். ஃப்ரிக்ஸெல், ஹோர், போனி, வாண்டா ஏரிகளில் டிசம்பர் கடைசியிலிருந்து கரையை ஒட்டிய பனி உருகி வளையமாக நீர் திறக்கும். அங்கே அது உண்மையான தலைவலி. உண்டர்சேயில் கோடையிலும் அப்படித் திறப்பதில்லை. பலகையைச் சுமக்க வேண்டாம், அந்த எடைக்கு எரிபொருள் கொண்டுபோங்கள்.

வழி: ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா, இந்தியாவின் மைத்ரி ஆகிய ஆய்வு நிலையங்கள் இரண்டும் இருக்கும் ஷிர்மாக்கர் பாறைவெளியிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 90 கி.மீ. அந்தப் பருவத்தில் போய்வந்தவர்களின் ஜிபிஎஸ் தடத்தை நோவோவிலேயே கேட்டு வாங்குங்கள். பழைய தடத்தை நம்பிப் போனால் பனிப்பிளவுகள் இடம் மாறியிருக்கும். ஸ்னோமொபைலில் பலர் கவனிக்காத ஒன்று: எஞ்சினைத் திரவத்தால் குளிர்விக்கும் வண்டிகள் தடப்பட்டை வாரி அடிக்கும் பொடிப்பனியில்தான் குளிர்கின்றன, சறுக்குத்தண்டின் பிளாஸ்டிக் பட்டையும் அதில்தான் வழுவழுப்பாக ஓடுகிறது. வெறும் நீலப் பனியில் பத்து கி.மீ. விரட்டினால் எஞ்சின் கொதிக்கும், பட்டை உருகி ஒட்டும். விசிறியால் குளிரும் வண்டி, ஆணி அடித்த தடப்பட்டை, பனியைக் கீறித் தூவும் கம்பிகள் ஆகிய மூன்றும் வேண்டும். மாற்றுச் சறுக்குப் பட்டை வண்டிக்கு ஒரு ஜோடி.

காற்றுதான் கடைசி எஜமான். மலைச்சரிவிலிருந்து இறங்கும் காற்று மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் நாட்கள் வரும். பிரமிடு வடிவக் கூடாரமே கொண்டுபோங்கள். விளிம்புத் துணிமேல் போட அங்கே பொடிப்பனி கிடையாது, அதனால் கரையில் பாறைக்கற்கள் இருக்கும் பக்கமாக முகாம் போடுங்கள். ஏரிமேல் போடும் வேலைக்கூடாரத்தை 22 செ.மீ. பனித்திருகு எட்டால் பிணையுங்கள்.

ஆகர்காரர்

பனித்திருகை மட்டும் நம்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டிசம்பரில் 24 மணி நேரமும் வெயில். உலோகத் திருகு சூடேறிச் சுற்றியுள்ள பனியை உருக்கும். இரண்டாம் நாளே கையால் பிடுங்கும் அளவுக்குத் தளர்ந்துவிடும். அதே திருகால் 60 டிகிரி சாய்வில் இரண்டு துளை போட்டு உள்ளே ஒன்றோடொன்று சந்திக்கவையுங்கள். வாய்கள் இரண்டுக்கும் இடையே 20 செ.மீ. இருக்கட்டும். 7 மி.மீ. கயிறை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் கொக்கியால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டால் மூன்று வாரமும் அசையாது. திருகுதான் வேண்டுமென்றால் தலைமேல் வெள்ளைத்துணி கட்டி, தினம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கறுப்பாக இருக்கும் எதையும் பனிமேல் வெறுமனே போடாதீர்கள். கறுப்பு மின்கம்பி மதிய வெயிலில் ஒரு விரல் ஆழம் உள்ளே இறங்கி, வெயில் சாய்ந்ததும் மேலே உறைந்துகொள்ளும். பிறகு அதைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும், கொத்தும்போது உறை கிழியும். வெள்ளைப் பலகைமேல் தூக்கி ஓட்டுங்கள்.

இனி துளை. 25 செ.மீ. ஆகருக்கு (பனியைத் துளைக்கும் திருகுத் துரப்பணம்) ஒரு மீட்டர் நீட்டிப்புத் தண்டுகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் என்று கணக்கிட்ட இடத்தில் மூன்றரை இருந்தால் நாள் பாழ். தண்டுகளை இணைக்கும் பின்தான் சங்கிலியின் பலவீனமான கண்ணி. அது முறிந்தால் ஆகர் முழுதும் 169 மீட்டர் ஆழ ஏரிக்குள் போய்விடும். துளைக்குக் குறுக்கே விழாமல் தாங்கும் தகட்டு வளையம் ஒன்றைத் தண்டில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த தண்டை இணைக்க வேண்டும்.

ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் சுழன்றுகொண்டிருக்கும்போதே மேலே தூக்கி சீவலைக் கொட்டுங்கள். ஒரு துளைக்கு வரும் பனிச்சீவல் கிட்டத்தட்ட 135 கிலோ. அதை வாயோரத்திலேயே குவித்தால் திரும்ப உள்ளே விழும். ஒருவருக்கு அதை வாரிப் போடுவதே வேலையாக இருக்கட்டும். சீவல் செதில் செதிலாக வந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. மாவாக வந்தால் மழுங்கிவிட்டது, உடனே மாற்றுங்கள். மேலே சாய்ந்து அமுக்கி ஓட்டுவதால்தான் பின் முறிகிறது. கரைப்பக்கத்துப் பனியில் காற்று கொண்டுவந்த மணலும் கல்லும் உறைந்திருக்கும், அங்கே ஒரே துளையில் கத்தி போய்விடும்.

ஆகர் சிக்குவது பெரும்பாலும் கடைசிக் கணத்தில். அடிப்பனி உடைந்ததும் தண்ணீர் பீறிட்டு ஏறி மேல்மட்டத்துக்கு 25 செ.மீ. கீழே வந்து நிற்கும் (மிதக்கும் பனியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும், மூன்று மீட்டருக்கு அது 25 செ.மீ.). தண்டோடு ஒட்டியிருக்கும் சீவல் நனைந்து களியாகும். அப்போது எஞ்சினை நிறுத்தினீர்களோ, களி இறுகிக்கொள்ளும். தண்ணீர் வந்த சத்தம் கேட்டதும் சுழற்சியை நிறுத்தாமல் இரண்டு பேராக ஒரே மூச்சில் மேலே இழுத்துவிடுங்கள். இறுகும் இடம் அடியில் இல்லை, மேல் ஒரு மீட்டரில்தான், ஏனென்றால் பனியில் அதிகக் குளிர் அங்கேதான். துளையை மூடாமல் விட்டாலும் அந்தப் பகுதிதான் முதலில் குறுகும். சிக்கிவிட்டால் வெந்நீர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்), உப்பு, ஆல்கஹால் எதுவுமே கூடாது. அந்த ஏரி மூடிய புட்டி. உள்ளே போனது போனதுதான்.

ஒரு மீட்டர் துளையை ஆகரால் வெட்டாதீர்கள். முதலில் 25 செ.மீ. துளை, அதற்குள் செம்புக்குழாய்ச் சுருள், அதன் வழியே கொதிகலனிலிருந்து சூடான திரவம் சுற்றிவர வேண்டும். சுற்று முழுதும் மூடியதாக இருக்க வேண்டும், இணைப்புகளை ஏரிக்குக் கொண்டுபோகும் முன்பே அழுத்தச் சோதனை செய்யுங்கள். கசிந்தாலும் கேடில்லாதபடி சுற்றுக்குள் வெறும் தண்ணீரையே ஓட்டலாம், ஆனால் கொதிகலன் நின்ற சில நிமிடத்தில் குழாயைக் காலி செய்யத் தெரிந்த ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கு: ஒரு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழம் என்றால் 2.16 டன் பனி. -10 டிகிரியிலிருந்து உருக்க சுமார் 770 மெகாஜூல். லிட்டருக்கு 35 மெகாஜூல் என்றால் 22 லிட்டர் மண்ணெண்ணெய். வெப்பத்தில் பாதி வீணாகும், எனவே 45 லிட்டர். அதன் பிறகும் தினம் திறந்து வைக்கத் தனியாக எடுத்துவையுங்கள். இரவில் 10 செ.மீ. நுரைப்பலகை மூடி, மேலே கூடாரம், காலையில் ஓட்டைக்கரண்டியால் ஏடு எடுத்தால் போதும்.

பயன்படுத்தாத நேரத்தில் 25 செ.மீ. துளைமேல் பலகை வைத்து மூங்கில் கொடி நடுங்கள். காற்றில் குனிந்து நடப்பவன் கால் நேராக உள்ளே போகும் அளவு அது.

தென்திசை

மிக்க நன்றி. முக்குளிப்பவர் இறங்கும் துளை ஒன்றே போதுமா? கழிவை எவ்வளவு எடுத்துவர வேண்டியிருக்கும் என்பதும் பிடிபடவில்லை.

ஆகர்காரர்

ஒன்று போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய துளையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இரண்டாவது ஒன்றைத் திறந்து வையுங்கள், விளக்கு கட்டிய கயிறு இரண்டிலும் தொங்கட்டும். முக்குளிப்பவருக்குப் பிணைகயிறும் பேச்சுக்கம்பியும் கட்டாயம். சுவாசக் கருவியைத் தண்ணீருக்கு மேலே ஒரு மூச்சுகூட இழுத்துப் பார்க்க வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, இறங்கியதும் காற்று நிற்காமல் கொட்டும்.

அடித்தளத்தைத் தொடாமல் மிதக்கத் தெரிந்தவரை மட்டும் இறக்குங்கள். அரை மீட்டர் உயரம் வரை கூம்புக் கூம்பாக வளர்ந்த நுண்ணுயிர்ப் படிவங்கள் அங்கே இருப்பதாக 2011-இல் ஆய்வு வெளியானது. ஒரு துடுப்படியில் அவை போய்விடும்.

கழிவுக்கணக்கு

அனுமதியிலிருந்து தொடங்குவோம். 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறைதான் அடிப்படை. போகும் முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுத வேண்டும். துளை எத்தனை, எந்த எரிபொருள் எத்தனை லிட்டர், ஏரிக்குள் இறங்கும் பொருள் எவையெவை, அவற்றில் எது திரும்ப வரும் என்று அதில் வரிவரியாகக் கேட்பார்கள். இந்தியக் குழுவென்றால் 2022-ஆம் ஆண்டு இந்திய அண்டார்டிகாச் சட்டத்தின்படி அனுமதிச்சீட்டு வேண்டும்; நெறிமுறையில் சேர்ந்த வேறொரு நாட்டின் அனுமதியோடு அந்நாட்டுக் குழுவில் போனால் அதுவே செல்லும்.

நெறிமுறையின் மூன்றாம் இணைப்பு, பனியில்லாத நிலத்திலோ நன்னீரிலோ கழிவைப் போடக்கூடாது என்கிறது. உங்கள் முகாம் இருப்பது பாறைக்கரை, பக்கத்தில் இருப்பது ஏரி. ஆக, சிறுநீர், மலம், பாத்திரம் கழுவிய நீர், பல் துலக்கிய நீர் உட்பட எல்லாம் திரும்பி வர வேண்டும்.

நால்வருக்கு 21 நாள்: சிறுநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 126 லிட்டர். கழுவுநீரை ஆளுக்கு இரண்டு லிட்டருக்குள் பிடித்து வைத்தால் 168. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருமன் கூடும். 20 லிட்டர் கேனில் 18-க்கு மேல் ஊற்றாதீர்கள். அப்படியானால் 7 கேன், 10 கேன், மொத்தம் 17. கூடவே இரண்டு வெற்றுக் கேன். மலத்துக்குப் பை பொருத்திய வாளி, பை 100 எண்ணிக்கை. கேன் வாயை அகலமாகப் பார்த்து வாங்குங்கள்; தடித்த கையுறையோடு காற்றில் நின்று குறுகிய வாயில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் சறுக்குவண்டி எடை மாறிவிடும். உணவும் எரிபொருளும் தீர்ந்து திரும்பும்போது சுமை குறையும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் குடித்த தண்ணீர் முழுதும் அங்கே வெட்டி உருக்கிய பனி. அது கழிவாகி ஏறக்குறைய 300 கிலோ கூடுதலாக ஏறும். அதற்கு இடம் ஒதுக்காமல் மாதிரிப் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

குடிநீருக்கான பனியை முகாமுக்குக் காற்று வரும் பக்கத்தில் 200 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். ஜெனரேட்டர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம், தட்டுக்குள். எரிபொருள் ஊற்றுவது எப்போதும் தட்டுமேல், புனலோடு, கீழே உறிஞ்சுதுணி விரித்து. சிந்தினால் மண்வெட்டியால் அந்தப் பனியை வெட்டிக் கேனில் போட்டுக் கொண்டுவர வேண்டும். கேன் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளம்பும் முன் ஒட்டுப்பட்டைகள், காலணி அடி, பை மடிப்புகளை வெற்றிட உறிஞ்சியால் சுத்தம் செய்து விதை, மண் ஒன்றுமில்லை என்று பாருங்கள். வேறு ஏரியில் இறக்கிய கயிறு, வலை, உணரிகளை அப்படியே இங்கே இறக்கக்கூடாது. கழுவி முழுக்கக் காயவைத்த பிறகுதான்.

உணவு 21 நாளுக்கு அல்ல, 31 நாளுக்கு. காற்று அடித்தால் வண்டியும் வராது, விமானமும் ஏறாது. செயற்கைக்கோள் தொலைபேசி இரண்டு, நாளுக்கு இரண்டு முறை குறித்த நேரத்தில் அழைப்பு. லித்தியம்-அயான் மின்கலத்தைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து கெடும். உள்சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகே மாட்டுங்கள்.

பிஎச்_பத்தரை

மாதிரி எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உண்டர்சேயில் பிழை நிறைய வருவது அங்கேதான்.

தண்ணீர் கடுங்காரம், பிஎச் பத்தரைக்குப் பக்கம். கார்பன் டைஆக்சைடு அதில் இல்லாத குறைதான் காரணம். ஆகவே மேலே எடுத்த நொடியிலிருந்து காற்றின் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு எண் இறங்கும். கூடாரத்தில் நாலு பேர் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தால் இன்னும் வேகமாக. துளையோரத்திலேயே, மூடிய ஓட்டக்கலத்தில் அளவெடுங்கள். அளவுதிருத்தக் கரைசல்களும் (ஏழு, பத்து) தண்ணீரின் அதே குளிரில் இருக்க வேண்டும். குளிரில் மின்முனை மெதுவாகத்தான் நிலைக்கும், முதல் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

ஆக்சிஜனும் மிகை, பூரித நிலையின் ஒன்றரை மடங்கு வரை. போத்தல் மேலே வரும்போது குமிழ் விடும். வாயு மாதிரிக்கு ரப்பர்க்குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, குப்பி கொள்ளளவு மூன்று முறை வழியவிட்டு, உள்ளே காற்று தங்காமல் அடைத்துவிடுங்கள்.

ஏரியின் தெற்குப் பக்கத்தில் 100 மீட்டர் ஆழத் தனிக்குழி ஒன்று உண்டு. அதன் அடிநீரில் ஆக்சிஜன் கிடையாது, மீத்தேன் லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டி அளந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் மேலே வந்ததும் கிட்டத்தட்ட அரை லிட்டர் வாயு பிரியும். ஐந்து லிட்டர்ப் போத்தலை அடுப்பு எரியும் கூடாரத்துக்குள் திறக்கக்கூடாது. கண்ணாடிக் குப்பியில் நிறைத்து இறுக்கினால் வெடிக்கும். வெற்றிடமாக்கிய சிறு குப்பியில் ஊசியால் சிறிதளவு ஏற்றுவதே பத்திரம்.

உப்பு-வெப்ப-ஆழமானியை இறக்கும் முன் உணரியில் ஈரம் உறைந்திருந்தால் மின்கடத்தல் எண் தாறுமாறாக இருக்கும். இரண்டு இறக்கத்துக்கு நடுவே ஏரி நீர் நிறைந்த வாளியில் மூழ்கவைத்து, வாளியைக் கூடாரத்துக்குள் வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை: 2019-இல் பக்கத்து ஓபர்சே ஏரி உடைந்து பெருவெள்ளம் உண்டர்சேக்குள் வந்து நீர்மட்டத்தைச் சுமார் இரண்டு மீட்டர் உயர்த்தியது. அதற்கு முந்தைய ஆழ வரைபடத்தையும் வேதி எண்களையும் அப்படியே வைத்துத் திட்டமிடாதீர்கள். கயிற்றின் நீளத்தை ஐந்து மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

தென்திசை

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: வடிகட்டாத தண்ணீர் மாதிரியை 90 கி.மீ. உறையாமல் கொண்டுபோவது எப்படி?

பிஎச்_பத்தரை

முடிந்தவரை அங்கேயே வடிகட்டி, வடிதாளை உறையவைத்துக் கொண்டுபோங்கள், சுமையும் குறையும். தண்ணீராகவே வேண்டியதை 5 செ.மீ. நுரைச்சுவர் பெட்டியில் நெருக்கமாக அடுக்குங்கள். நடுவில் 30 டிகிரி வெந்நீர் நிறைத்த இரண்டு லிட்டர்ப் புட்டி இரண்டு, சுற்றி மாதிரிகள். நுண்ணுயிர் மாதிரி புட்டியைத் தொடாதபடி இடையில் அட்டை. பெட்டியைச் சறுக்குவண்டியின் தரையில் வைக்காமல் தூக்கப்பைகள்மேல் ஏற்றிக் கட்டுங்கள். வெப்பப்பதிவி ஒன்றை மூலையில் உள்ள குப்பியோடு ஒட்டிவிடுங்கள், நடுவில் வேண்டாம். முதலில் உறைவது மூலைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும்போது பதிவி இரண்டு டிகிரிக்குக் கீழே போயிருந்தால் புட்டியை மாற்றுங்கள். ஃபிளாஸ்கில் மாற்று வெந்நீர் நான்கு லிட்டர் தனியாக வரட்டும். அதைத் தேநீருக்கு எடுக்க விடாதீர்கள்.